இரண்டு என்று சொன்ன போர்டு

நான் நீக்கியது முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள். எண்ணிக்கை இன்னும் நினைவில் இருப்பதற்குக் காரணம், அன்றைக்கு அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னதுதான். நிரல் எழுதுகிறவர்களுக்கு ஒரு வரி சேர்ப்பதைவிட ஒரு வரி அழிப்பதில் போதை அதிகம். அழித்த வரிகள் திரையில் சிவப்பாகத் தெரியும். அன்று மேலிருந்து கீழ்வரை சிவப்பாகவே ஓடியது. அதைப் படம் பிடித்துப் பல்கலைக்கழகத் தோழிகளின் குழுவில் வேறு போட்டேன்.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம். சிங்கப்பூருக்கு இக்கரையில், ஜோகூரின் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவரிசையின் இரண்டாம் மாடியில் எங்கள் கம்பெனி. கீழே டயர்க் கடை, மேலே நாங்கள் ஒன்பது பேர். செம்பனை ஆலைகளுக்கு வாயு அளக்கும் கருவிகள் செய்து கொடுப்பது தொழில். ஆலையின் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள். அதோடு சேர்ந்து இன்னொரு வாயுவும் வரும், அழுகிய முட்டை வாடையோடு. கொஞ்சமாக இருக்கும்போதுதான் அந்த வாடை. அளவு ஏறினால் மூக்கு மரத்துப்போகும், வாடையே தெரியாது, ஆள் விழுந்துவிடுவான். அதனால் வாயுவைச் சுத்தப்படுத்துகிற கொட்டகையின் கதவோரம் ஒரு கருவி, ஒரு திரை, ஓர் அலாரம் வைப்பார்கள். திரையில் எண் பத்தைத் தொட்டால் அலாரம் அடிக்க வேண்டும். அடித்தால் யாரும் உள்ளே போகக்கூடாது.

கருவிக்குள் சின்னதாக ஒரு போர்டு இருக்கும். அந்த போர்டுக்குள்ளேயே பதித்து வைத்த நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். கதவோரப் பெட்டிக்குள் ஒரு குட்டிக் கணினி, அதில் ஓர் இயங்குதளம். போர்டு சொல்வதை வாங்கி இயங்குதளத்துக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிற நடுவாள்தான் டிரைவர். அதை எழுதுவது என் வேலை.

போர்டுகளில் இரண்டு தலைமுறை உண்டு. பழையது முழு எண்ணாகச் சொல்லும். வாயு நாற்பது என்றால் நாற்பது. புதியது நுணுக்கமானது, பத்தில் ஒரு பங்கு வரை அளக்கும். ஆனால் புள்ளி வைக்காமல் நாற்பதை நானூறு என்று அனுப்பும். டிரைவர்தான் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். எது பழையது, எது புதியது என்று தெரிந்துகொள்ள போர்டுக்குள் ஒரு பதிப்பு எண் எழுதியிருக்கும். ஒன்று என்றால் பழையது, இரண்டு என்றால் புதியது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற ஏற்பாடு.

எனக்கு முன்னால் அந்த டிரைவரைப் பார்த்துக்கொண்டவர் அந்த எண்ணைச் சட்டை செய்யவே இல்லை. புதிய போர்டு தன்னைத்தானே எத்தனை முறை சோதித்துக்கொண்டது என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே இருக்கும். பழையதில் அந்த இடம் வெறுமை. அவருடைய நிரல் ஒவ்வொரு முறை பெட்டி உயிர்பெறும்போதும் அந்த இடத்தைப் படிக்கும், இரண்டு விநாடி காத்திருக்கும், மறுபடி படிக்கும். எண் ஏறியிருந்தால் புதியது. வெறுமையாக இருந்தால் பழையது, அந்த போர்டு தன்னை இரண்டு என்று சொல்லிக்கொண்டாலும் சரி. இதற்காகவே வரி வரியாக விதிவிலக்குகள், சுற்றுவழிகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குறிப்பு: பதிப்பு எண்ணை நம்பாதே, போர்டையே கேள்.

ஏன் நம்பக்கூடாது என்று அவர் எழுதவில்லை. கேட்கலாம் என்றால் ஆள் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். எங்கள் ஊரில் மூன்று வருஷ அனுபவம் கிடைத்தவர்கள் பெரும்பாலும் பாலத்தைத் தாண்டிவிடுவார்கள்.

இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றச் சொன்னபோது பழைய டிரைவர் அதில் ஓடவில்லை. உள்ளே அழைக்கிற முறைகளெல்லாம் மாறியிருந்தன. எப்படியும் பிரித்து மேய வேண்டிய வேலை. பிரித்தபோது இந்தக் காத்திருப்பு கண்ணை உறுத்தியது. ஒரு பெட்டியில் பத்துப் பன்னிரண்டு கருவிகள் இருந்தால் அது உயிர்பெறவே அரை நிமிடம் ஆகிறது. கம்பெனியின் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஆலைகளில் இருக்கிற அத்தனை போர்டுகளின் வரிசை எண்ணும் பதிப்பு எண்ணும் அதில் இருந்தன. எல்லாமே இரண்டு. பழையது ஒன்றுகூட இல்லை. இல்லாத பேய்க்கு எதற்குப் படையல் என்று தூக்கிவிட்டேன். அலுவலகத்தில் இருந்த போர்டுகள் எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. அவை எல்லாமே புதியவை. பாஸ் மேலோட்டமாகப் பார்த்து, கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு ஒப்புதல் கொடுத்தார்.

புது டிரைவரை ஆலைகளுக்குக் கொண்டுபோனவர் சர்வீஸ் அண்ணன். எங்கள் கருவிகள் இணையத்தில் இல்லாதவை. தோட்டங்களுக்குள் சிக்னலே கிடைக்காது. யாராவது வேனில் போய்ப் பெட்டியைத் திறந்து ஏற்ற வேண்டும். அண்ணன் லாபிஸ்காரர், நாற்பதைத் தாண்டியவர், வேனில் ஸ்டீயரிங்குக்கு மேலே ஒரு சின்ன மாதா சிலை ஒட்டியிருப்பார். வாயில் எப்போதும் அசாம்போய், அதாவது உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பழம், ஒன்றை அடக்கிக்கொண்டு அந்தப் புளிப்பில் கண்ணைச் சுருக்கியபடியே பேசுவார். நான் பென்டிரைவை நீட்டியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி.

"பழசெல்லாம் ஓடுமா?"

"பழசே இல்லண்ணே. லிஸ்ட்ட பாருங்க, எல்லாமே ரெண்டு."

பாஸ் பக்கத்தில் நின்று காப்பி கலக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் என் திரையில் இருந்த பட்டியலைப் பார்த்தார், பிறகு பாஸின் முதுகைப் பார்த்தார்.

"லிஸ்ட்ல இல்லன்னா சரிதான்," என்றார். கொட்டையைத் துப்புவதற்குக் குப்பைக்கூடையைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மாதம் கழித்து பெக்கோக் பக்கத்து ஆலையிலிருந்து ஒரு செய்தி வந்தது. முன்பெல்லாம் கொட்டகை அலாரம் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அடித்து வேலை நின்றுபோகும், இப்போது அடிப்பதே இல்லை, நன்றி என்று எழுதியிருந்தார்கள். பாஸ் அதை அச்செடுத்துக் காப்பி மேசைக்கு மேலே ஒட்டினார். என் வாழ்க்கையில் என் வேலைக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அலாரம் ஏன் நின்றது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நல்ல நிரல் எழுதினால் தொல்லைகள் நிற்கும், அவ்வளவுதானே.

அதற்கடுத்த இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அதே ஆலையில் ஒருவர் கொட்டகைக்குள் விழுந்தார்.

முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். வால்வு ஒன்றைத் திருப்ப உள்ளே போயிருக்கிறார். போவதற்கு முன் விதிப்படி திரையைப் பார்த்திருக்கிறார். ஒன்பது புள்ளி நாலு, பச்சை எழுத்தில். பத்துக்குக் கீழே. உள்ளே போனவர் திரும்பவில்லை என்று அவருடைய மண்டோர், அதாவது அந்த ஷிப்டுக்குத் தலைவர், ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு போய்க் காலைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார். விழுந்தவரைச் சிகாமட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூச்சுக்குக் குழாய் போட்டிருந்தார்கள்.

பெட்டியின் பதிவுகளை ஆலைக்காரர்கள் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினார்கள். அதில் போர்டு அனுப்பிய எண்ணும் இருக்கும், டிரைவர் மாற்றிக் காட்டிய எண்ணும் இருக்கும். போர்டு சொன்னது தொண்ணூற்று நாலு. நான் காட்டியது ஒன்பது புள்ளி நாலு. அப்படியும், போர்டு கெட்டுப்போயிருக்க வேண்டும் என்றுதான் மனம் சொன்னது. பதிப்பு இரண்டு என்று அதே படத்தில் எழுதியிருந்ததே.

பாஸ் என்னையும் அண்ணனையும் உடனே கிளம்பச் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் காரணம் எழுதி ஓர் அறிக்கை கையில் வேண்டும், விசாரணைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க.

நெடுஞ்சாலையில் அண்ணனுடைய அசாம்போய் டப்பா மூடியபடியே கிடந்தது. யொங் பெங்கில் இறங்கி லாபிஸ் சாலைக்குத் திரும்பி, இரண்டு பக்கமும் செம்பனை தொடங்கியபிறகு, முன்னால் போன லோரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்த போர்டு பழசு."

"ரெண்டுன்னு சொல்லுதேண்ணே."

"நான்தான் சொல்லச் சொன்னேன்."

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். ஜோகூரின் உள்பக்கம் மின்னல் மோசம். வருஷத்துக்கு நாலைந்து போர்டாவது எரிந்துபோகும். புதியது வெளிநாட்டிலிருந்து வர ஆறு வாரம். அதுவரைக்கும் ஆலையை நிறுத்த மாட்டார்கள், அலாரம் இல்லாமலே ஓட்டுவார்கள். அண்ணனுடைய வேனின் பின்பக்கம் கழற்றிப் போட்ட பழைய போர்டுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. அதில் ஒன்றை எடுத்து மாட்டினால் அளக்கவாவது அளக்கும். ஆனால் பெட்டியில் போர்டைப் பதிவு செய்கிற நிரல், பதிப்பு எண் ஒன்று என்றால் ஏற்காது. ஆகவே சர்வீஸ் கேபிளைச் சொருகி ஒன்றை இரண்டாக மாற்றி எழுதினார். எரிந்துபோன போர்டின் வரிசை எண்ணையும் அதிலேயே எழுதி, ஸ்டிக்கரையும் உரித்து இதில் ஒட்டினார். பட்டியலில் எதுவும் மாறாது, ஆலைக்காரனும் கேள்வி கேட்க மாட்டான்.

"புது போர்டு வந்ததும் மாத்தியிருக்கலாமில்ல?"

"அது வரும்போது வேற மில்லுல மின்னல் அடிச்சிருக்கும் லா."

என் இடத்தில் முன்பு இருந்தவருக்கு இது தெரியும் என்றார். ஒரு நாள் தே தாரிக் குடிக்கும்போது அண்ணனே அவரிடம் சொன்னாராம். அவர், விடுங்கண்ணே நான் பாத்துக்கிறேன் என்றாராம். பார்த்துக்கொண்டார். அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள்தான் அவர் பார்த்துக்கொண்டது. ஒருவர் கையால் செய்ததை இன்னொருவர் நிரலால் தாங்கியிருக்கிறார். இரண்டு பேருக்கு இடையிலான பேச்சு, எங்கேயும் எழுதி வைக்காதது. எழுதினால் அண்ணன் மாட்டுவார் என்பதால்தான் அந்தக் குறிப்பில் காரணம் இல்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ லிஸ்ட்டுன்னே. பாஸ் பக்கத்துல நின்னாரு."

"நான் கேட்டிருந்தா?"

"வேன்ல கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." கொஞ்ச தூரம் போனபிறகு, "எனக்கும் வாய் இருந்துச்சு," என்றார். "திரும்பி வந்து உன்ன தனியா கூப்புட்டுச் சொல்லியிருக்கலாம். இஞ்சினியரம்மா பாத்திருக்கும்னு வுட்டுட்டேன்."

நான் மடிக்கணினியைத் திறந்து அழித்த வரிகளைத் தேடி எடுத்தேன். எங்கள் வேலையில் அழித்தது எதுவும் உண்மையில் போய்விடாது, பழைய பதிவுகளில் அப்படியே கிடக்கும். வேன் குலுங்கியதில் இரண்டு முறை தவறான இடத்தில் ஒட்டினேன். பெக்கோக் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சோதனையைப் புதிய இயங்குதளத்தில் ஓடும்படி செய்துவிட்டேன். ஒரு மணி நேர வேலை. அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

ஆலையில் வேலை நின்றிருந்தது. பழைய பதிவுகளை நகலெடுத்து அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். போர்டைக் கேட்டேன். பதிப்பு என்ன? இரண்டு. சோதனை எண்ணிக்கை? வெறுமை. இரண்டு விநாடி கழித்து மறுபடி கேட்டேன். வெறுமை. திருத்திய டிரைவரை ஏற்றினேன். திரை அணைந்து மறுபடி எரிந்தது. ஒன்று புள்ளி நாலு என்று இருந்த இடத்தில் பதினாலு வந்தது, சிவப்பாக. தலைக்கு மேலே அலாரம் அலறியது. ஆலையே ஓடாமல் கிடக்கும்போதே பதினாலு. காலையில் கதவோரம் தொண்ணூற்று நாலு என்றால் வால்வுக்குப் பக்கத்தில் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன்.

நாங்கள் கொட்டகையிலிருந்து விலகி வந்து நின்றோம். மண்டோர் அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கண்கள் இரண்டும் பழுத்த மிளகாய்போல இருந்தன.

"இப்ப கத்துதே," என்றார். "காலையில ஏன் வாயத் தொறக்கல?"

அவர் என் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைப் பார்த்தார்.

"நீதான் புதுசா மாத்துனியா?"

"நாங்க மாத்துனோம்," என்றார் அண்ணன்.

மண்டோர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த வால்வைத் திருப்ப வேண்டியது தன்னுடைய முறை, ஒன்பதுதானே இருக்குது நீ போய்ட்டு வா என்று அவனை அனுப்பியது தான்தான் என்று சொன்னார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. காலையிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

வேனுக்குத் திரும்பியதும் இன்னும் எத்தனை என்று கேட்டேன். ஏழு, இதையும் சேர்த்து. லாபிஸ் பக்கம் மூன்று, சிகாமட்டுக்கு அப்பால் மூன்று. ஒரு தாள்கூட இல்லாமல் ஆலை, கொட்டகை, எத்தனையாவது கருவி, எந்த வருஷ மின்னல் என்று வரிசையாகச் சொன்னார். அந்த ஏழு எவை என்று தெரிந்தவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். பட்டியலைக் கேட்டால் எல்லாமே இரண்டு என்று சொல்லும்.

பாஸ் போனில் கூப்பிட்டார். போர்டில் யார் கை வைத்தது என்று கண்டுபிடித்தீர்களா என்று கேட்டார். எண் மாற்றப்பட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். ஒலிபெருக்கியில் இருந்ததால் அண்ணனுக்கும் கேட்டது. பேசி முடித்ததும் அண்ணன், தன் மூத்த மகள் ஐந்தாம் படிவம், இளையவன் மூன்றாவது வகுப்பு என்பதையும், இந்த வயதில் சான்றிதழ் எதுவும் இல்லாமல் வேறு கம்பெனிக்குப் போக முடியாது என்பதையும் யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"செஞ்சத செய்யலன்னு சொல்ல மாட்டேன். நீ எழுதுறத எழுது. என்ன மட்டும் தனியா நிறுத்திடாத."

நிறுத்த மாட்டேன் என்றேன். கேட்காமலே இரண்டாவது முறையும் சொன்னேன்.

மூன்று நாள் ஓடினோம். புதன்கிழமை சிகாமட்டில் ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்தி, விழுந்தவரைப் பார்த்துவிட்டு வரலாம் வா என்றார். நான் வேனிலேயே இருந்துவிட்டேன். கணினியில் ஏதோ முடிக்க வேண்டும் என்று காரணம் சொன்னேன். இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார். "கண்ணு தொறந்திருக்கு. பொண்டாட்டிய அடையாளம் தெரியல," என்று சொல்லி வண்டியை எடுத்தார். அன்று மதியம் ஓர் ஆலையில் நாங்கள் பெட்டியைத் திறந்தபோது திரை ஐந்து புள்ளி இரண்டு என்று காட்டிக்கொண்டிருந்தது. டிரைவரை மாற்றியதும் ஐம்பத்திரண்டு. அந்தக் கொட்டகைக்குள் அப்போது இரண்டு பேர் இருந்தார்கள். அண்ணன் கத்தியதில் ஓடி வந்து இருமிக்கொண்டே எங்களைத் திட்டினார்கள், எதற்கு இப்படிப் பயமுறுத்துகிறீர்கள் என்று.

வியாழக்கிழமை ஏழாவதை முடித்துவிட்டு லாபிஸில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் காப்பிக்கடையில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். நாலு பத்தி. முதல் பத்தியில் நடந்தது. இரண்டாவதில் அந்த போர்டு பழையது, மின்னலில் எரிந்ததற்குப் பதிலாக மாட்டப்பட்டது. மூன்றாவதில் அதன் பதிப்பு எண்ணையும் வரிசை எண்ணையும் சர்வீஸ் ஊழியர் மாற்றி எழுதினார். நாலாவதில், அதுவரை இருந்த டிரைவர் எண்ணை நம்பாமல் போர்டையே சோதித்து வந்தது, அந்தச் சோதனையை நீக்கியது நான், நீக்குமுன் ஒரு பழைய போர்டில்கூட ஓட்டிப் பார்க்கவில்லை, அது இருந்திருந்தால் அலாரம் அடித்திருக்கும்.

அவருக்குப் படித்துக் காட்டினேன். மூன்றாவது பத்தியில் கோப்பைத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாலாவது முடிந்ததும் தட்டைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேரும் இருக்கோம்," என்றார். "சரி."

மூன்று நாளில் முதல்முறையாக அசாம்போய் டப்பாவைத் திறந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பாஸ் கதவைச் சாத்திக்கொண்டு அறிக்கையைப் படித்தார். அவர் கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினார். நாலாவது பத்தி இருந்தால் குற்றம் நாங்கள் விற்ற கருவியுடையது. எல்லா ஆலைகளும் கருவியைத் திருப்பி அனுப்பும், காப்பீடு கைவிரிக்கும், ஒன்பது பேரும் வீட்டுக்குப் போக வேண்டும், அண்ணனும் சேர்த்து. இல்லாவிட்டால் குற்றம் விதியை மீறிய ஒரு கையுடையது.

"அண்ணன வேலைய விட்டு அனுப்புவீங்களா?"

"அத அப்புறம் பாக்கலாம். போர்டுல இருந்த நம்பர் பொய்யா இல்லியா?"

"பொய்தான்."

"அப்ப அதுல கையெழுத்து போடு. இல்லாத எதையும் நான் எழுதச் சொல்லலியே."

அது சரிதான். மூன்று பத்தியிலும் பொய் ஒன்றுகூட இல்லை. என்னை வேலையில் நிரந்தரமாக்கும் கடிதம் அடுத்த மாதம் வரவேண்டியிருந்தது. அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, நான்தான் நினைத்துக்கொண்டேன். நாலாவது பத்தி இல்லாமல் மறுபடி அச்செடுத்து வந்தார். தாள் இன்னும் சூடாக இருந்தது. வேனில் இரண்டு முறை சொன்ன வார்த்தை எனக்கு நன்றாக நினைவிருந்தது. பேனாவைத் தேடுவதற்குள் அவரே ஒன்றை நீட்டினார்.

அதற்குப் பிறகு நடந்தவை சுருக்கமானவை. விழுந்தவர் பிழைத்தார். பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறார், கரண்டியைப் பிடிக்கக் கை நிற்கவில்லை என்று கேள்விப்பட்டேன். ஒன்பது பேர் எட்டுப் பேரானோம். ஒரு மாதம் ஆனபிறகு நாலாவது பத்தியைத் தனியாக விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். கிடைத்தது, கோப்பில் சேர்த்திருக்கிறோம் என்று இரண்டு வரி பதில் வந்தது. அதற்குமேல் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அந்த மின்னஞ்சல் அனுப்பிய வாரத்திலேயே என்னை நிரந்தரமாக்கும் கடிதமும் வந்துவிட்டது. பிஸ்கட் டின்னில் இருந்த பழைய போர்டுகளை எண்ணி உடைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். உடைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் சொருகிக் கேட்டேன். பாதி ஒன்று என்றன, பாதி இரண்டு என்றன. அடுத்த மின்னலுக்காக அண்ணன் தயாராக எழுதி வைத்திருந்திருக்கிறார். டிரைவரில் சோதனை அப்படியே இருக்கிறது. பெட்டி உயிர்பெற அரை நிமிடம் ஆகிறது. மேலே இருந்த குறிப்புக்குக் கீழே காரணத்தை முழுதாக எழுதி வைத்திருக்கிறேன், நான் செய்ததையும் சேர்த்து. நிரலுக்குள் இருப்பதை எங்கள் அலுவலகத்தில் என்னைத் தவிர யாரும் படிப்பதில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது கையெழுத்துப் போட்டதற்கு அடுத்த திங்கட்கிழமையைப் பற்றி. அண்ணனைக் காலையிலேயே பாஸ் அறைக்குள் கூப்பிட்டார்கள். கால் மணி நேரத்தில் ஒரு கடிதத்தோடும் அறிக்கையின் நகலோடும் வெளியே வந்தார். மாடிப்படிக்குப் பக்கத்தில், டயர்க் கடையின் ரப்பர் வாடை ஏறி வருகிற அந்த மூலையில் நின்று அறிக்கையைப் படித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி முன்பக்கம். நான் என் மேசையிலிருந்து எழுந்து போனேன்.

"நாலாவது பத்தி எங்க?"

"பாஸ் எடுத்துட்டாரு."

அவர் தலையை ஆட்டினார். கீழே என் கையெழுத்தைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினார்.

"இது அவரு எடுக்கறதுக்கு முன்னாடி போட்டதா, பின்னாடி போட்டதா?"

"பின்னாடி," என்றேன்.

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு வேன் சாவியை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.